பல் டாக்டரின் சிவப்பு கார்

பழைய கார் வாங்கி விற்கும் எங்கள் குடும்பத்தில், சரக்கைப் பார்க்கப் போகிறவர் கசப்பு மருந்து குடித்த முகத்தோடுதான் போக வேண்டும். பேரம் படியும்வரை வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை உதிரக் கூடாது. இந்த வித்தையில் என் மனைவி என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். கல்யாணப் பேச்சின்போது அவள் பார்த்த பார்வையில் நானே என் மதிப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

முதுகு வலியால் பல் டாக்டர் ஒருவர் தன் ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் கிளம்பினோம். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். வாசலில் அப்படி ஒன்று நின்றால் வேடிக்கை பார்க்க வருகிறவன் உள்ளே இருக்கும் சின்ன காரையாவது விசாரிப்பான். அது கிடைக்காவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

போனது எங்கள் பழைய சின்ன காரில். கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும். மூன்றாவது கியர் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை; கெஞ்சினால்தான் வரும். மேடு வந்தால் ஏசியை அணைத்துவிட்டு நாமும் முன்னால் சாய்ந்துகொடுக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் எங்களை நடுத்தெருவில் விட்டதில்லை.

சிவப்பு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மனைவி வேலையை ஆரம்பித்தாள். ரெண்டு பேர்தான் உட்காரலாமா, டிக்கியில் ஒரு மளிகைப் பைகூடப் போகாதே, வேகத்தடையில் வயிறு தட்டுமே என்று அடுக்கினாள். டாக்டரின் முகம் தொங்கியது. ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

எங்கள் காரில் ஏறுவோம், இதற்குள் இறங்கினோம். சீட் விலாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. பட்டனை அழுத்தியதும் சத்தம் காதுக்கு வரவில்லை, முதுகுத்தண்டில் ஏறியது. கிடங்குகளுக்குப் பின்னால் போகும் நீளச் சாலையில் காலை லேசாக வைத்தேன். சாலையே எங்களை நோக்கி ஓடிவந்தது. வளைவில் கார் சாயவில்லை. கிடங்குகள்தான் சாய்ந்து வழிவிட்டன. எங்கள் காருக்கு நாங்கள் ஒத்தாசை செய்ய வேண்டும். இதற்கு எங்களிடம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் பார்த்தால், அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

திரும்பி வந்து இறங்கியதும், முகத்தைக் கசப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"டாக்டர், இதைப் போயா விக்கப் போறீங்க?"

"ஏம்மா, இப்பதானே பை வைக்க இடமில்லேன்னீங்க?"

"பை கிடக்குது. அந்த வளைவுல போயிருக்கீங்களா?"

போய் வெகுநாளாயிற்று என்றார். அவள் வளைவைக் கையால் காற்றில் வரைந்து காட்டினாள். டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். பேரம் படிந்துவிட்டதென்று நானும் நீட்டினேன். அவர் கேட்டது சாவியை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். வீட்டுக் கதவும் வெளி கேட்டும் திறந்தபடி கிடக்க, போய்விட்டார். வீட்டில் வேறு ஆளில்லை. அப்படியே விட்டுப் போக முடியுமா? சரக்கு வாங்க வந்தவர்கள் காவலுக்கு நின்றோம்.

கடை போயிற்றே என்று அவளைத் திட்ட வாயெடுத்தேன். உதட்டில் விரலை வைத்தாள். தூரத்தில், கிடங்குகளுக்கு அப்பால், அந்தச் சத்தம் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. திட்டை விழுங்கிவிட்டு நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.