‘வரை’ என்ற கட்டம்

திங்கட்கிழமை ரிப்போர்ட் என்றால் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் பயம். அதற்கான கணினி நிரலை எழுதியவன் நான். அதனால் எனக்குப் பயம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. கீழே மெக்கானிக்குகள். மேலே புகார்ப் பிரிவு. அதை ஒட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான். லிஃப்ட் பாதியில் நின்றால், கதவு மூடாவிட்டால், யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் புகார்ப் பிரிவுக்குப் போன் வரும். எடுப்பவர் அதைத் தன் பெயரில் பதிந்து, மெக்கானிக்கை அனுப்பி, வேலை முடிந்ததும் புகாரை மூட வேண்டும். மூடாமல் கிடப்பது சிவப்பாகத் தெரியும். யார் பெயரில் எவ்வளவு சிவப்பு என்பதுதான் திங்கட்கிழமை ரிப்போர்ட்.

அதை எடுக்க மூன்று கட்டங்கள். முதல். வரை. ஊழியர். முதல் இரண்டிலும் தேதி; திங்கட்கிழமைகளில் போன ஒரு வாரத்தை மட்டும் எடுப்போம். மூன்றாவதில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லாவிட்டால் ‘அனைவரும்’ என்று விட்டுவிடலாம். ‘வரை’யைக் காலியாக விட்டால் இன்றுவரை என்று எடுத்துக்கொள்ளும். தினமும் தேதி மாற்ற வேண்டாம். இந்த வசதிக்காக மேனேஜர் எல்லோர் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார்.

என் மனைவி புகார்ப் பிரிவில் இருந்தாள். ஜன்னலோர மேசை. பக்கத்து மேசை கிளி. கிளி என்பது என் மனைவி வைத்த பெயர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் மெக்கானிக் போய்ச் சேரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். ஒருமுறை கதவு திறந்த பிறகும் ஒரு பெரியவர் போனை வைக்க மனசில்லாமல் உள்ளேயே நின்றுகொண்டிருந்தாராம். கிளி என் மனைவியை அக்கா என்பாள், என்னை அண்ணா என்பாள். இது என்ன முறை என்று கேட்டால், “உங்க கல்யாணமே தப்புன்னு நாசூக்கா சொல்றேன்” என்பாள்.

மனைவி இறந்துபோன பிறகு ஆபீஸ் வழக்கப்படி அவள் கணக்கை மூடினோம். மூடும்போது, அந்தப் பெயரில் தீராமல் கிடப்பதை அடுத்த மேசைக்கு மாற்றிவிடுவோம். யாரிடமும் கேட்பதில்லை, மேனேஜருக்குத் தகவல்கூடப் போவதில்லை. அடுத்த மேசை கிளி. மாற்றியது நான். ஒரே வரிக் கட்டளை. எத்தனை புகார்கள் மாறின என்று கணினி கீழே எழுதிக் காட்டியது. நான் படிக்கவில்லை.

ரிப்போர்ட் இரண்டைத்தான் பார்க்கும். புகார் என்றைக்கு வந்தது, இப்போது யார் பெயரில் இருக்கிறது. வந்த அன்றைக்கு யார் பெயரில் இருந்தது என்று பார்க்காது. அதைக் கேட்பதற்கு நான் கட்டம் வைக்கவில்லை.

மேனேஜருக்கு ஆபீசில் பூதக்கண்ணாடி என்று பெயர். திரையில் எதையும் இரண்டு மடங்கு பெரிதாக்காமல் பார்க்க மாட்டார். கிளிக்கு ஒப்பந்த வேலை. அதை நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய அரையாண்டு ரிப்போர்ட்டை எடுத்து வரச் சொன்னார். ஊழியர் கட்டத்தில் கிளியின் பெயரைப் போட்டேன். அவர் அறைத் திரையில் அது விரிந்தது. பெரிதாக்கினார். சிவப்பும் பெரிதானது.

கிளியைக் கூப்பிட்டார். நான் மவுசைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“இத்தனையையும் மூடாம வெச்சிருக்கியேம்மா. உள்ள மாட்டினவங்க ரிட்டயர் ஆகி வெளிய வரட்டும்னா?”

கிளி திரையைப் படித்தாள். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், ஒரே வரியில் முடித்தாள்.

“இதெல்லாம் என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே வந்தது சார்.”

“அப்ப யார்கிட்ட வந்தது?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

“தெரியல சார்” என்றாள்.

மேனேஜர் பேனாவை மூடினார். இந்த மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை தாள் வரும் என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கிளி தலையாட்டிவிட்டுப் போனாள். அவளுடைய அப்பா படுக்கையில் இருக்கிறார், வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான் என்று எனக்குத் தெரியும். என் மனைவிதான் சொல்லியிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். என் மனைவியுடையது சார், நான்தான் மாற்றினேன். ஏன் சொல்லவில்லை என்றால், அதற்கு அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவங்க பேர்ல இவ்வளவு தேங்கியிருந்தா, திங்கட்கிழமை ரிப்போர்ட்ல ஏன் ஒரு தடவைகூட வரல?

வராது. நான் வராமல் செய்திருந்தேன்.

புது வகை லிஃப்டுகளுக்குப் பயிற்சி எடுக்கப் போகிறவர்களை ரிப்போர்ட்டில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் வேலையே செய்யாதவர்கள் மாதிரித் தெரியும். அதற்கு விலக்கு என்று ஒரு வசதி வைத்திருந்தேன். ஊழியர் பெயர், முதல், வரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “இந்த வாரம் மட்டும் என்னை உன் ரிப்போர்ட்லேருந்து எடுத்துடேன். ஒரே அசதி. ரெண்டு மூணு நாள்ல சரி பண்ணிடுவேன்.”

மேனேஜருக்குப் பயமா என்று கிண்டல் செய்தேன். பூதக்கண்ணாடியில் பார்க்கும் அளவுக்குத் தன் முகம் நன்றாக இல்லை என்றாள். மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் விலக்கில் அவள் பெயரைப் போட்டேன். ‘முதல்’ போட்டேன். ‘வரை’ போடவில்லை. டீ வந்துவிட்டது. காலியாக விட்டால் இன்றுவரை. அது அடுத்த நாளும் இன்று, அடுத்த மாதமும் இன்று.

அவள் மறுபடி கேட்கவே இல்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. ஒவ்வொரு திங்களும் நான் ரிப்போர்ட்டை எடுத்தேன், சிவப்பே இல்லை, புகார்ப் பிரிவை மேனேஜர் பாராட்டினார். அவள் பெயர் அதில் இல்லை என்பது என் கண்ணில் படவில்லை. இருப்பதைத்தான் கண் பார்க்கும். வீட்டில் படியேறும்போது நடுவில் நின்றாள். லிஃப்ட் கம்பெனியில் வேலை, வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கடைசியில் டாக்டரிடம் போனபோது அவர் ரத்த அறிக்கையைப் பார்த்து, “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா” என்று ஆரம்பித்தார்.

அன்று கிளி போன பிறகு, மேனேஜர் அறையிலிருந்து வந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன். புகார் வந்த நாளில் யார் பெயரில் இருந்ததோ அவர் கணக்கில் சேர்க்கும்படி ரிப்போர்ட்டை மாற்றினேன். பெரிய வேலை இல்லை. ‘அனைவரும்’ என்று ஓட்டினேன். கிளியின் சிவப்பு போய்விட்டது. ஆனால் வேறு எங்கும் வரவில்லை. மொத்தப் புகார்களின் எண்ணிக்கையில் அவ்வளவும் குறைந்திருந்தது. விலக்கு இன்னும் அமலில் இருந்தது. இறந்த பிறகும் அவளுக்குப் பயிற்சி முடியவில்லை.

இப்படியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. பழைய ரிப்போர்ட்டில் பிழை சார், திருத்திவிட்டேன். கிளியின் வேலை தப்பும். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். நிம்மதியாகக்கூட இருந்தது. கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவள் போனதிலிருந்து அவளுடைய அம்மா என்னோடு இருக்கிறார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். நானும் அத்தையும் அதிகம் பேசுவதில்லை. நான் கை கழுவி வருவதற்குள் தட்டு இருக்கும். சாப்பிட்டு முடித்தால் தட்டு இருக்காது. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அவர் விடுவதில்லை. அன்றைக்கும் தண்ணீர் வைத்துக்கொண்டே கேட்டார்.

“உடம்புக்கு முடியாததை அவ என்கிட்ட மறைச்சா, சரி. நான் வேற ஊர்ல இருந்தேன். அந்த ஆபீஸ்ல அத்தனை பேர் இருக்கீங்களே மாப்பிள்ளை. ஒருத்தர் கண்லயுமா படல?”

வழக்கமாக “படல அத்தை” என்பேன். அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. தண்ணீரைக் குடித்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சீக்கிரம் போனேன். விலக்கைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே ‘வரை’ காலியாக இருந்தது. அவள் கேட்டது ஒரு வாரம். அந்த வாரத்தின் சனிக்கிழமையைப் போட்டேன். சேமிக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன்.

ரிப்போர்ட்டை ஓட்டினேன். ஊழியர் கட்டத்தில் அவள் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். வாரவாரியாக விரிந்தது.

நன்றாக வேலை செய்கிறவள் அவள். முதல் வாரங்களில் சிவப்பே இல்லை. பிறகு அங்கங்கே. பிறகு பாதிக்குப் பாதி. மதியத்துக்கு மேல் பதிந்த புகார்கள் ஒன்றுகூட மூடப்படவில்லை. மதியத்துக்கு மேல் அவளால் முடியவில்லை என்று அந்தத் தாள் சொன்னது. கடைசி வாரங்களில் குறிப்பு எழுதும் இடத்தில் ஒற்றை எழுத்துகள். முன்பெல்லாம் வாக்கியமாக எழுதுவாள். ‘உள்ளே குழந்தை. பாட்டுப் பாடச் சொன்னேன். பாடினாள்.’ அப்படி.

இதை எந்தத் திங்கட்கிழமை பார்த்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும். எனக்கு மட்டுமல்ல, யாருக்கும்.

அச்செடுத்து மேனேஜர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். கிளியின் சிவப்பு கிளியுடையது அல்ல என்பதை. மாற்றியது நான் என்பதை. நேற்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை. விலக்கை. அவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாளைப் பெரிதாக்க முடியாது.

“பேர் வராதப்போ பயிற்சின்னு நெனச்சேன்” என்றார். பிறகு ரொம்ப நேரம் வார வரிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “நான் கேட்டிருப்பேன் தம்பி. கூப்பிட்டு, என்னம்மா உடம்புக்குன்னு கேட்டிருப்பேன். லீவு போட்டு டாக்டரைப் பாருன்னு துரத்தியிருப்பேன். என்னை என்னவோ பூதம்னு நெனச்சுட்டீங்க.”

திட்டியிருக்கலாம். அவர் திட்டவில்லை. என் மேல் நடவடிக்கை உண்டா என்று கேட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, மேலே அனுப்ப வேண்டும், என்ன வரும் என்று தெரியாது என்றார். கிளியின் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கிழித்தார். அவள் இருக்கட்டும் என்றார்.

கிளியிடம் நானே சொன்னேன். அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை. எதிர்பார்த்திருந்தால் வெட்கம்தான்.

“நேத்து உங்களைப் பார்த்தேன்” என்றாள். “நீங்க ஸ்க்ரீனைப் பார்த்தீங்க.”

“ஆமா.”

“அக்கா பேரை என் வாயால சொல்ல வேணாம்னு நெனச்சேன். நீங்க சொல்வீங்கன்னு. வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட வேலை போச்சுன்னே சொல்லிட்டேன் அண்ணா. அவர் என்னைத் தேத்தினார். படுத்துக்கிட்டே.”

அவள் மேசை மேல் எதையோ நகர்த்தி வைத்தாள்.

“மதியானத்துல அக்கா தலையை மேசையில சாய்ச்சுப்பாங்க. அவங்களுக்கு வர்ற போன்ல பாதியை நான் எடுப்பேன். அண்ணாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். அவன்தானே ரிப்போர்ட் எடுக்கறான், அவனுக்குத் தெரியாம இருக்குமான்னாங்க.”

போன் அடித்தது. யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். கிளி அவர்களிடம் பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்று பேச ஆரம்பித்தாள். நான் என் இடத்துக்குப் போனேன்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அத்தை அடுப்படியில் இருந்தார். கை கழுவவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய் நின்றேன்.

“ஆபீஸ்ல ஒருத்தர் கண்ல படற மாதிரிதான் இருந்துது அத்தை. நான்தான் மறைச்சு வெச்சேன். தெரியாம செஞ்சேன்னு சொல்ல வரல. பார்க்காம இருந்தேன்.”

ரிப்போர்ட்டைப் பற்றியும், துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டதையும், நான் கட்டத்தைக் காலியாக விட்டதையும் சொன்னேன். கணினி விஷயம் அவருக்குப் புரியாது என்று நினைத்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவி, துடைத்து, மாட்டினார். திரும்பவில்லை.

“எப்போலேருந்து?” என்றார்.

தேதியைச் சொன்னேன். அவள் பிறந்தநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை. பிறந்தநாளன்று அவருக்குப் போன் செய்து, நன்றாக இருக்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தத் தேதியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

எதுவரை என்று கேட்பார் என்று நின்றிருந்தேன். கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்தார். ஒன்றுதான் வைத்தார், எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.