குங்குமம் வைத்த ராணிகள்

பறைச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு ஜீப் ஹாரன் அலறியது. செத்துக் கிடந்த அப்பாவின், அவள் நைனாவின், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த காஞ்சனா வாசலைப் பார்த்தாள்.

"வந்துட்டானுங்க க்கா," என்றான் தம்பி மோகன்ராஜ்.

எல்லாம் அவன் இழுத்த வினை. போன மாசம் கரும்புக்குப் பைப் போடப் பள்ளம் தோண்டியபோது ஒரு கலயம் அகப்பட்டது. உள்ளே பச்சை பூத்த வெண்கலக் காசுகள். ஒரு பக்கம் தூக்கிக் கொண்டை போட்ட பொம்பளை முகம். மறுபக்கம் கையில் கொம்போடு நிற்கும் இன்னொருத்தி. நைனா துலுக்காணம் அத்தனை பேருக்கும் குங்குமம் வைத்தார். "திருச்சானூர் அம்மா கூட்டமா வந்துக்கிறாடா" என்று மாடத்தில் வைத்துக் கும்பிட்டார்.

மோகன்ராஜ் காசுகளின் போட்டோவைத் திருப்பதியில் ஒரு கடைக்காரனிடம் காட்டினான். "ரோம் ராணிங்க, அவங்க ஊரு சாமிங்க" என்று சொன்னவனே ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டான். மகனைப் பிடிக்க ஆள் வருது என்று கேட்டதும் நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான்.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிப் பிணத்தைக் கும்பிட்டார். "பாபம்! ஆனா புதையல் கம்ப்ளைன்ட்டும்மா. வெதகண்டி ரா!" என்று தெலுங்கில் தேடச் சொன்னார்.

கான்ஸ்டபிள்கள் உள்ளே பாய்ந்தார்கள். அரிசி டின் கவிழ்ந்தது. பீரோத் துணி வாசலில் விழுந்தது. மாடத்தில் குங்குமக் கறை மட்டும்தான். விடியற்காலையில்கூடக் காசுகள் அங்கேதானே இருந்தன? கிடைத்துவிட்டால் தம்பி கையில் விலங்கு. குழியில் முதல் மண் தள்ள மகன் இருக்கமாட்டான்.

எஸ்.ஐ. குனிந்து நைனாவின் நெற்றிக் காசைப் பார்த்தார். வெறும் ஒரு ரூபாய். பிறகு தாடையைச் சுற்றிய வாய்க்கட்டின் முடிச்சுக்கு விரல் போனது.

"தொடாத சார்!" அம்மா செல்லியம்மா குறுக்கே விழுந்தாள். "வாய்க்கரிசி போட்டாச்சு. கட்டை அவுத்தா எம்புருசன் பசியோட போவாரு."

எஸ்.ஐ. கையை இழுத்துக்கொண்டார்.

காஞ்சனா அம்மாவைப் பார்த்தாள். வாய்க்கரிசி காட்டுக்குப் போய்ப் போடுவதல்லவா? அம்மா ஏன் பொய் சொல்கிறாள்? எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகத்தானே வாய் கட்டினாள்?

எஸ்.ஐ. ஜீப்பில் ஏறவில்லை. சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் பாடையைத் தூக்கக் குனிந்தார்கள். போலீசைக் கண்டு நின்ற பறை இன்னும் தொடங்கவில்லை.

அம்மா அழுகிற சாக்கில் காஞ்சனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதில் சொன்னாள்:

"மேளத்த அடிக்கச் சொல்லுடி... பாட குலுங்குனா நைனா வாயில காசு சத்தம் போடும்."