முதுகில் முளைத்த அலகு

மீன்கொத்திக்கு அலகு முதுகில் முளைத்திருந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை கொதித்தது. சாயங்காலம் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன் வருகிறாள், மறுநாள் காலை அவர்களுக்கு ஆட்டம். அவர்கள் சட்டைகளில் மீன்கொத்திச் சின்னம் தைப்பதுதான் என் எம்பிராய்டரி கடைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். சொதப்பினால் கடை எழுந்திருக்காது.

"உன் டிசைன்லதான் கோளாறு!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

வரைந்தவள் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் மனைவி, ஆனால் வயதில் என்னைவிடச் சின்னவள். அவளை நான் எதற்கு அக்கா என்று கூப்பிட வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து 'இந்தாம்மா'தான். அவளுக்கு அதில் தீராத வருத்தம்.

தடதடவென்று இறங்கி வந்தாள். "வேற துணியில ஓட்டு, பாப்போம்."

தையல் மிஷினை இயக்கும் கம்ப்யூட்டரில் அதே டிசைனைப் போட்டு ஓட்டினேன். இப்போது அலகு சரியாக இருந்தது, வால் தலைமேல் நின்றது.

"பாத்தியா? என் டிசைன் தப்புன்னா ஒரே இடத்துலதானே தப்பணும்? உன் கம்ப்யூட்டர் தடவைக்கு ஒண்ணு உளறுது. ரேம் போயிருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"பந்தயமா? ரேம்தான்னா என்னை வாய் நிறைய அக்கான்னு கூப்பிடணும்."

விடுவேனா? சரி என்றேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்து மூடியைக் கழற்றினோம். தலையணை தைக்கிற அளவுக்குத் தூசி! உள்ளே இரண்டு ரேம் பட்டைகள். ஒன்றை உருவிவிட்டுச் சின்னப் பூ ஒன்றை ஓட்டினால் அழகாக வந்தது. அதே இடத்தில் மற்றதைப் போட்டால் இதழெல்லாம் காம்பில். அதன் மஞ்சள் முனைகளை ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டோம். ம்ஹூம், அதே கதிதான். திருடன் கையும் களவுமாகச் சிக்கிவிட்டான்! பந்தயம் போனது கடுப்பாக இருந்தாலும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

"ம், சொல்லு" என்றாள்.

"முதல்ல மீன்கொத்தி வரட்டும்."

வரவில்லை. நல்ல ரேம் தனியாளாக அந்தப் பெரிய டிசைனைத் தாங்காமல் பாதியில் நின்றது. அவள் லேப்டாப்பிலோ தையல் மிஷினின் பழைய கேபிளைச் செருக இடமே இல்லை. இந்தக் கிழட்டு மாடலுக்கு இன்றைக்கு ரேம் யார் தருவார்கள்? எனக்கு அழுகை முட்டியது.

"ஏய்! மாமா வாங்கித் தந்தது!" என்று குதித்தாள் அவள்.

எங்கள் மாமனார், மருமகள்களுக்குள் சண்டை வரக்கூடாதென்று ஒரே கடையில் அச்சு அசலாக இரண்டு கம்ப்யூட்டர் வாங்கியவர். அவளுடையது பவர் சப்ளை புகைந்துபோய்க் கட்டிலுக்கடியில் கிடந்தது. ரேம் பிழைத்திருக்கலாமே! இருவரும் படியில் இடித்துக்கொண்டு ஓடினோம்.

கொண்டுவந்த பட்டை அளவெடுத்தது போல உட்கார்ந்தது. இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று பிடித்தன. ஊசி இறங்கியது. கால், வயிறு, நீலச் சிறகு, கழுத்து. அப்புறம் நீளமாக, நேராக...

"அக்கா! அலகு! அலகு சரியான இடத்துல இருக்குக்கா!"

கத்தி முடித்த பிறகுதான் என்ன கத்தினேன் என்று எனக்கே உறைத்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மிஷின் சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

மிஷின் அப்போதே நின்றுவிட்டிருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

அடுத்த சட்டையை மாட்டினாள். "இதுக்கும் சொல்லு."

சாயங்காலம் கேப்டன் வந்து சட்டைகளை வாங்கிக்கொண்டபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.