குனிந்து நுழைகிற வீடு

காசிநாதனுக்கு இனிப் புதிதாக எதுவும் மனசில் தங்காது என்று டாக்டர் சொன்னதை ஜோதிமணி முதலில் நம்பத்தான் செய்தாள். கேரட் மூட்டை ஏற்றிய ஜீப் கவிழ்ந்து அவன் தலையில் அடிபட்ட பிறகுதான் மலைக்கிராமமான கவுஞ்சியில் இந்தத் தகர வீட்டுக்குக் குடி வந்தார்கள். தினமும் விடிந்ததும், "இது யார் வீடுங்க?" என்று கேட்பான். கட்டினவளிடமே 'ங்க' போடுகிற ஆள். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாசல் நிலை தாழ்வு. வருகிறவர்கள் எல்லோரும் ஒருதரமாவது முட்டிக்கொள்வார்கள். ஜோதிமணிக்கே நெற்றியில் தழும்பு இருக்கிறது. அவன் மட்டும் பேச்சுவாக்கில் நிலையைப் பார்க்காமலே குனிந்து நுழைவதை ஒருநாள் கவனித்தாள். வீடே தெரியாதவனுக்கு நிலை எப்படித் தெரியும்? பூண்டு எடுக்கிற நேரம், சோலிக்குப் பயந்து நடிக்கிறான் என்று முடிவு கட்டினாள். மதினி பாண்டியம்மாளும் ஆமாம் போட்டாள். போதாதா?

வெள்ளிக்கிழமை, தைலமரத்து முக்கில் திரும்பி அவனைக் காளியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். ஊர் பார்க்கச் சூடம் கொளுத்தி, வீடு தெரியாதது நிஜமென்றால் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பொய்யென்றால் கை நடுங்கும் என்று காத்திருந்தாள்.

"எனக்குத் தெரியலைங்க," என்றபடி உள்ளங்கையை நெருப்பில் அழுத்தினான். அணைந்த பிறகும் எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் பதறிப் போய்ப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பும் வழியில், கையில் என்ன காயம் என்று கேட்டான். அடுப்பில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னாள். அவளைத்தான் சத்தியம் பண்ண வைத்திருக்க வேண்டும். அவன் நம்பித் தலையாட்டிவிட்டு, நிலையில் குனிந்து உள்ளே போனான்.

புண் ஆறியது. அவனுக்குத்தான் எதுவும் ஞாபகமில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். தைலமரத்து முக்கில் அவன் நின்றுவிட்டான். வலது கை முதுகுக்குப் பின்னால் போனது.

"அந்தப் பக்கம் வேணாங்க."

"ஏன்?"

"தெரியல. கால் வரமாட்டேங்குது."

நடுரோட்டில் கூனிக் குறுகி நின்று அழுதாள். பிறகு சொன்னாள்: "ஒங்க கையச் சுட்டது அடுப்பு இல்ல. நான்தான்."

"அழாதீங்க, பரவாயில்ல," என்றான்.

வீடு போய்ச் சேர்வதற்குள் அவளை மன்னித்தது அவனுக்கு மறந்துபோனது. அடுத்த வெள்ளிக்கிழமை அதே முக்கில், அவன் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.