சாப்பிட்டாச்சுன்னு சொல்லு

அரசு விருந்தில் மொழிபெயர்ப்பவளுக்கு மேஜையில் இடம் கிடையாது. பிரதமரின் நாற்காலிக்கும் தலைமை விருந்தினரின் நாற்காலிக்கும் நடுவே, அரையடி பின்னால் தள்ளி ஒரு ஸ்டூல் போடுவார்கள். முதுகு வைத்த நாற்காலி என்றால் புகைப்படத்தில் தெரியுமாம். பெயர் அட்டை கிடையாது, தட்டு கிடையாது, ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடையாது. ஒன்பது வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்து, மற்றவர்கள் மென்றுகொண்டே பேசுவதை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யார் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்பவர் எங்கள் புரோட்டோகால் அதிகாரி. தட்டுக்கும் கரண்டிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்ப்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஸ்கேல் என்று பெயர்.

அன்றைக்கு வந்திருந்தவர் பக்கத்து நாட்டு அதிபர், அறுபது வயது அம்மா. காலை ஒன்பது மணிக்குப் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. கூட வேலை செய்கிறவள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், மதிய விருந்துக்கும் நான்தான் போனேன். நாலு மணிக்கு இரண்டு பிஸ்கட் கிடைத்தது. ஆறு மணிக்கு ஸ்கேலிடம் போய்க் கேட்டேன்.

"சார், விருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சமையலறையில ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுட்டு வந்துடுறேன்."

"விருந்தாளிக்கு முன்னாடி அங்கேருந்து எதுவும் வெளிய போகக் கூடாதும்மா. ஒரு வேளை சாப்பிடலைன்னா உயிரா போயிடும்?"

ஒரு வேளை இல்லை, இரண்டு வேளை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

சூப் வந்தது, போனது. மீன் வந்தது. எலுமிச்சையும் வெண்ணெயும் சேர்ந்த வாசனை மூக்குக்கு நேராக வந்தபோது என் வயிறு சத்தம் போட்டது. அதிபர் அம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு பிரதமரிடம் தன் மொழியில் கேட்டார். கேட்டதை நான்தானே சொல்ல வேண்டும்? சொன்னேன்.

"இந்தப் பொண்ணு காலையிலேருந்து நம்ம கூடவே இருக்காளே, எதுவும் சாப்பிட்டு நான் பார்க்கலையேன்னு கேக்கிறாங்க."

பிரதமர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அதெல்லாம் சாப்பிட்டாச்சுன்னு சொல்லு."

உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. யார் யாரோ சொன்ன பொய்களையெல்லாம் இந்த வாயால் சொல்லியிருக்கிறேன். அது என் பிழைப்பு. ஆனால் இது என் வயிறு. அதைப் பற்றிய பொய்யையும் நானே சொல்ல வேண்டுமா?

"அவள் சாப்பிட்டுவிட்டாள் என்று பிரதமர் சொல்கிறார்" என்று அந்த அம்மாவின் மொழியில் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. "மொழிபெயர்ப்பவள் சாப்பிடவில்லை."

அதிபர் அம்மா முள்கரண்டியையும் கத்தியையும் சேர்த்துத் தட்டில் வைத்தார். தலைமை விருந்தினர் அப்படி வைத்தால் முடித்துவிட்டார் என்று அர்த்தம். அவர் முடித்தால் எல்லோரும் முடித்த மாதிரி. ஸ்கேல் எழுதிய விதிதான். பரிமாறுகிறவர்கள் வரிசையாக வந்து நூற்றிருபது தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு அமைச்சர் வாய்க்குக் கொண்டுபோன துண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்ன நீ?" என்றார் பிரதமர்.

"நீங்க சொன்னதைச் சொன்னேன் சார். நிஜத்தையும் சொன்னேன்."

ஸ்கேல் ஓடி வந்தார். முகத்தில் சிரிப்பு, பல்லிடுக்கில் பேச்சு. "எழுந்து வெளிய வா."

"நான் எழுந்தா இவங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்குவாங்க சார்?"

அதற்குள் அதிபர் அம்மா தன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். "அவளுக்கு ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கள்" என்றார். அதையும் நானே மொழிபெயர்த்தேன். தட்டு வந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பேசவில்லை. அதனால் பிரதமராலும் பேச முடியவில்லை. பத்து நிமிஷம் மொத்தக் கூடமும் நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல மனசுதான் அந்த அம்மாவுக்கு. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. பசித்தவளை இப்படி வேடிக்கைப் பொருளாக்கியா சோறு போடுவது? மீனில் உப்பு இருந்ததா, உறைப்பு இருந்ததா, எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். "அமைச்சர் வாயிலேருந்தே பிடுங்கிட்டியா?"

"சிரிக்காதீங்க. எனக்கு இன்னும் ஆறல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, வேன் கிளம்ப நேரமாகியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வேலை போகவில்லை. ஆனால் விருந்துப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டு, கோப்புகள் மொழிபெயர்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது துறைமுக ஒப்பந்தங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன்.

காய்ச்சலில் படுத்திருந்தவள்தான் அடுத்த விருந்துக்குப் போனாள். மறுநாள் சந்தோஷமாக வந்தாள். "அக்கா, உங்க புண்ணியத்துல விருந்துக்கு முன்னாடி எனக்குச் சாப்பாடு போட்டாங்க."

"எங்க வச்சு?"

"பாத்திரம் கழுவுற இடத்துல. உட்கார இடமில்ல, நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். பரவாயில்லக்கா."

"என்னடி பரவாயில்ல?" என்றேன். அவளை உட்கார வைத்து, மொழிபெயர்ப்பவளுக்கும் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேஜையும் நாற்காலியும் வேண்டும் என்று ஸ்கேலுக்கு ஒரு மனு எழுதி, கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.