பின்சீட்டு வேட்பாளர்

எங்கள் அம்பாசிடரில் பின்சீட்டு இடது பக்கக் கதவுக்கு உள்கைப்பிடி கிடையாது. வாங்கும்போதே கிடையாது. யாராவது வெளியிலிருந்து திறந்துவிட்டால்தான் இறங்க முடியும். வாங்கி நாலு வருஷமாகியும் என் வீட்டுக்காரர் அதைச் சரி பண்ணவில்லை. ஏன் பண்ண வேண்டும்? அந்த இடத்தில் உட்காருகிறவள் நான்தானே.

அன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பட்டுப்புடவை, கழுத்தில் ரோஜா மாலை, உள்ளங்கையில் பிசுபிசுவென்று விபூதி. வலது பக்கம் என் வீட்டுக்காரரின் அக்கா ஜோதியம்மாள், எனக்கு அண்ணி முறை. அண்ணி உட்கார்ந்துவிட்டால் அந்தப் பக்கம் காற்று வருவதற்குக்கூட வழி இருக்காது. வண்டி கோயில் பெரிய கோபுரத்துக்கு எதிரே நின்றது. மணி ஒன்று பத்து. மூன்று மணிக்குள் ஒன்றிய அலுவலகத்தில் என் வேட்புமனுவைக் கொடுத்தாக வேண்டும். அன்றுதான் கடைசி நாள்.

இது தொண்ணூற்றாறில் நடந்தது. அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். ஊராட்சித் தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். தலைவராக வேண்டும் என்று பத்து வருஷமாக வெள்ளை வேட்டி கட்டித் திரிந்த என் வீட்டுக்காரர் பரசுராமன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வந்து, "பாஞ்சால, நீ நிக்கற. கையெழுத்து மட்டும் நீ போடு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

சரி என்றேன். அவருக்குத் தெரியாத ஓர் ஆசை எனக்கு இருந்தது. அறிவொளி இயக்கம் வந்தபோது இருபத்திரண்டு பெண்களுக்கு நான்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்த அன்றே அந்த இருபத்திரண்டு பேரும் குழாயடியில் என்னைச் சுற்றிக்கொண்டு, "நீயே நில்லு பாஞ்சால" என்றார்கள். அந்த ஆசை என் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தது. அவரிடம் சொன்னால் கிள்ளிப் போட்டுவிடுவார் என்று வாயைத் திறக்கவில்லை.

எங்களைத் தவிர, ஊரில் அவருக்கு எதிராளியான ராமகிருஷ்ணன் வீட்டம்மா ஒருத்திதான் போட்டி. அவள் காலையிலேயே மனுவைக் கொடுத்துவிட்டாள். நான் மூன்று மணிக்குள் போய்ச் சேராவிட்டால் போட்டியில்லாமலே அவள் தலைவர். ஐந்து வருஷத்துக்கு நான் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

நாங்களும் காலையிலேயே கிளம்பியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை, ராகு காலம் பன்னிரண்டு வரைக்கும். அது கழிந்து நல்ல நேரம் பார்த்துக் கிளம்பி, கோபுர வாசலில் கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அப்புறம்தான் அலுவலகம் என்று ஏற்பாடு. எல்லாம் முடிந்து அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி மூச்சுகூட விடவில்லை.

மறுபடி திருப்பினார். ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டீரியோ மட்டும் ஜோராகப் பாடியது.

அந்த ஸ்டீரியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தின நாள்தான் காசி கடையில் போட்டது. காசி வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற பையன், கெட்டிக்காரன். கூரைமேல் ஒரு குழாய் ஸ்பீக்கர், டேஷ்போர்டில் பளபளவென்று ஒரு செட். அதில் ஓடுவது பாட்டு இல்லை, என் வீட்டுக்காரரின் குரல். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! உங்கள் பரசுராமன் வருகிறேன்! ஏழைகளின் தோழன் பரசுராமன் வருகிறேன்! உங்கள் பொன்னான வாக்குகளைப் பரசுராமனின் மனைவிக்கே அளித்திடுங்கள்!" மனைவிக்கு ஒரு பேர் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "பேரெல்லாம் போட்டா கேசட்டு பத்தாது" என்றார். என் பேர் நாலெழுத்து. அவர் பேர் ஆறெழுத்து, அது பதினோரு தடவை வந்தது. நான் எண்ணினேன். வேறென்ன வேலை அந்தப் பின்சீட்டில்?

"பேட்டரி நல்லாத்தான் இருக்குது. செட்டு ஓடுது பாரு" என்று அவரே சொல்லிக்கொண்டு இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். பேட்டரி முனைகளை ஆட்டினார், ஊதினார், ஸ்பேனரால் தட்டினார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார். "ஏழைகளின் தோழன் பரசுராமன் வருகிறேன்!" என்றது செட்டு. வண்டி வரவில்லை.

எனக்குத் தெரியும் என்ன ஆனது என்று. என் கண்ணாலேயே பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி அவர் டேஷ்போர்டின்மேல் ஒரு பிள்ளையாரை வைத்து, நீளமான திருகாணியால் மேலிருந்து முடுக்கினார். வழியெல்லாம் பிள்ளையார் ஆடிக்கொண்டே வந்தார். கோபுர வாசலில் தீபாராதனை முடிந்ததும், "சாமி ஆடுதே" என்று ஸ்குரூடிரைவரை எடுத்து இன்னும் மூன்று சுற்றுச் சுற்றினார். உள்ளே நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஆடுவது நின்றது. அதோடு வண்டியும் நின்றது.

"என்னாங்க, பிள்ளையார முடுக்கினீங்க இல்ல, அப்போ ஒரு சத்தம் கேட்டுதுங்க."

"வண்டியப் பத்தி உனக்கு என்னாத் தெரியும்? சும்மா குந்து."

சும்மாத்தான் குந்தியிருந்தேன். இறங்கவும் முடியாதே. மணி ஒன்றரை. செப்டம்பர் வெயிலில் தகரக் கூரை கொதித்தது. மாலையிலிருந்து தண்ணீர் ஒழுகி ரவிக்கை நனைந்து, அது காய்ந்து, இப்போது வேர்வையில் மறுபடி நனைந்தது. முள் கழுத்தில் குத்தியது.

"என்னாங்க, ஒரு ஆட்டோ பிடிச்சிப் போயிடலாங்க. ரெண்டு மைலுகூட இல்ல."

"தலைவர் ஆவப்போறவன் ஆட்டோவுல போயி எறங்கறதா? எதிர்ல பாரு."

எதிரே டீக்கடையில் ராமகிருஷ்ணன் ஆட்கள் இரண்டு பேர் கண்ணாடி டம்ளரோடு நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி வேறு பக்கத்திலிருந்து கையைப் பிடித்தாள். "கற்பூரம் காட்டி ஏறின வண்டிய வுட்டு நடுவுல எறங்கக் கூடாது. காரியம் வெளங்காது. எங்க அப்பா ஒரு தரம் அப்பிடி எறங்கித்தான் கேசே தோத்தாரு."

மாமனார் கேசில் தோற்றது எதிராளி பக்கம் பத்திரம் இருந்ததால். அதை அப்போது சொல்லி என்ன பிரயோஜனம்?

அப்புறம் தள்ள ஆரம்பித்தார்கள். பூக்கடை ஆட்கள் நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, அவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, நானும் அண்ணியும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். தள்ளுகிறவர்கள் அண்ணியை ஒரு பார்வை பார்த்தார்கள். தேரடி வரைக்கும் தள்ளியும் இஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. ரோட்டோரம் நடந்து போனவர்கள் குனிந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். மாலையும் கழுத்துமாகக் கூண்டில் வைத்துக் காட்டுகிற மாதிரி இருந்தது.

ஆள் அனுப்பி வரச் சொன்ன காசி ஒன்று ஐம்பதுக்குத் தன் டி.வி.எஸ். ஐம்பது மொபெட்டில் வந்து இறங்கினான். சாவியைத் திருப்பினான். விளக்கைப் போட்டுப் பார்த்தான். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு வெளியே வந்து பிள்ளையாரைப் பார்த்தான்.

"இத முடுக்கினது யாருண்ணா?"

"நான்தான். ஏன்?"

"திருகாணி நேரா எறங்கி, சாவிக்குப் போற வயர சுத்தி அறுத்துட்டுதுண்ணா. சாவிக்குக் கரண்டே வரல, அப்புறம் எப்பிடித் தள்ளினாலும் எடுக்காது. செட்டுக்கு நான் பேட்டரிலேர்ந்து தனியா லைன் குடுத்தேன். அதான் அது மட்டும் ஓடுது."

நான் என் வீட்டுக்காரரின் பின்னங்கழுத்தை மட்டும் பார்த்தேன். அது திரும்பவில்லை.

"பிள்ளையாரையும் செட்டையும் கழட்டினா பத்து நிமிஷம்ணா. வயர ஒட்டிட்டுப் போயிடலாம்."

"பூஜ போட்ட சாமிய நடு ரோட்டுல கழட்டறதா?" என்று அண்ணி அலறினாள்.

"செட்டயும் தொடாத" என்றார் அவர். "அந்த வாசல்ல நான் போயி எறங்கறப்போ என் கொரலு ஓடணும். கழட்டாம பண்ணு."

"கீழேர்ந்து கைய வுட்டுப் பாக்கணும். முக்கா மணி நேரம் ஆவுண்ணா."

"ஆவட்டும். மணி ரெண்டுதான ஆவுது?"

அவரும் காசியோடு சேர்ந்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். அவருடைய கால் இரண்டும் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே கூரையில் அவர் குரல் வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த வார்த்தையே கசந்தது. இரண்டு பத்து. இரண்டு இருபது. முக்கால் மணி நேரம் என்று காசி சொன்னால் ஒன்றரை மணி நேரம் என்று அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும் கழற்றச் சொல்லவில்லை. தன் குரல் இல்லாமல் நான் தலைவராவதைவிட நான் ஆகாமலே போகட்டும் என்கிற அளவுக்கு அந்தச் செட்டு அவருக்குப் பெரிது.

இரண்டு இருபத்தைந்து. முன்சீட்டில் அவர் துண்டுக்கு அடியில் மஞ்சள் பை இருந்தது. மனு, டெபாசிட் கட்டிய ரசீது எல்லாம் அதில். முன்மொழிந்து அண்ணி கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அலுவலர் முன்னால் என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான் சீட்டின்மேல் எக்கிப் பையை எடுத்தேன். மாலையைக் கழற்றி நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தேன்.

"என்னாடி பண்ற?"

"போறேன் அண்ணி."

"எறங்காத! வெளங்காது!"

"வெளங்காட்டிப் போவுது அண்ணி. மூணு மணிக்கு மேல இந்தச் சகுனத்த வச்சிக்கினு நீங்க என்னா பண்ணப் போறீங்க?"

ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி முழுசாக இறக்கினேன். கையை வெளியே விட்டு வெளிக்கைப்பிடியைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். கதவு திறந்துகொண்டது. நாலு வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது.

காசி டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "என்னாடா?" என்று உள்ளேயிருந்து அவர் கேட்டார். காசி கையை நீட்டி ஸ்டீரியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

"ஒண்ணுமில்லண்ணா, செட்டு நல்லா இருக்குதான்னு டெஸ்ட் பண்றேன்."

அவன் அம்மா காசியம்மாள் என் இருபத்திரண்டு பேரில் ஒருத்தி.

தேரடியிலேயே ஆட்டோ கிடைத்தது. ஒன்றிய அலுவலகத்தில் இறங்கும்போது இரண்டு நாற்பத்தெட்டு. எனக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள், எல்லோரும் ஆண்கள். அதில் மூன்று பேர் பக்கத்தில் மனைவியை நிறுத்திவைத்துக்கொண்டு அவர்களே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரியாக மூன்று மணிக்கு, உள்ளே இருக்கிறவர்கள் இருக்கலாம், இனி யாரும் வரக் கூடாது என்று சொல்லி, போலீஸ்காரர் வாசல் கேட்டை இழுத்துச் சாத்தினார். பூட்டுச் சத்தம் கேட்டதும் அன்றைக்கு முதல் தடவையாக நான் நன்றாக மூச்சு விட்டேன்.

அலுவலர் தாள்களைப் புரட்டினார். "வேட்பாளர் யாரும்மா?"

"நான்தாங்க."

"கூட யாரும் வரலியா?"

"இல்லைங்க."

இங்க் பேனாவைக் கொடுத்தார். என் நாலெழுத்தை நிறுத்தி நிதானமாக எழுதினேன். உறுதிமொழியைப் படிக்கச் சொன்னார், தடுமாறாமல் படித்தேன். அவர் நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு ரசீது எழுத ஆரம்பித்தார்.

மூன்றேகாலுக்குத் தூரத்தில் அந்தக் குரல் கேட்டது. உங்கள் பரசுராமன் வருகிறேன், வருகிறேன் என்று தெருவெல்லாம் அதிர வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டேஷ்போர்டில் பிள்ளையார் இல்லை. பின்சீட்டில் அண்ணி மடியில் அந்தச் சாமியைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் மாலை. என் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க இறங்கி ஓடிவந்து கேட்டைப் பிடித்து ஆட்டினார்.

"டைம் ஆயிட்டுதுங்க, உள்ள யாரும் போவக் கூடாது" என்றார் போலீஸ்காரர்.

"நான் யாருன்னு தெரியுமா? பரசுராமன்!"

"இருக்கட்டும்ங்க. வேட்பாளரா?"

அவர் பின்னால் திரும்பித் தன் காரைப் பார்த்தார். கூரைமேல் ஏழைகளின் தோழன் இன்னும் வந்துகொண்டே இருந்தான். போலீஸ்காரர் மறுபடி கேட்டார். "நீங்க யாருங்க? அத மொதல்ல சொல்லுங்க."

"பாஞ்சாலையோட வீட்டுக்காரன்" என்றார்.

அந்த வருஷம் முழுக்க அவர் வாயிலிருந்து என் பேர் அவ்வளவு சுத்தமாக வந்து நான் கேட்டதில்லை. போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "பாஞ்சாலை யாரும்மா? உங்க ஆளு வெளிய நிக்கறாரு" என்றார்.

"தெரியும்ங்க. அங்கயே நிக்கச் சொல்லுங்க. வேல முடிஞ்சதும் வரேன்" என்றேன்.