இரட்டை முகடு

பெரியவர் வந்து சேர்ந்தபோது மருமகன் கைமரங்களைக் கீரைக்கட்டு மாதிரி சேர்த்துக் கட்டி வைத்திருந்தான். இனி ஒரு வீட்டுக் கூரையையே சுமக்கப்போகிற மரங்கள். அவற்றை இரண்டு தாங்கிகளின் மேல் பக்கம் பக்கமாக நிறுத்தி, ஒரு முனையை எல்லாவற்றுக்கும் ஒரே பலகையில் முட்டவிட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தான். காலில் ரப்பர் செருப்பு, வாயில் பாட்டு. பாட்டிலும் சுதி இல்லை. தச்சு வேலைக்கு வருகிறவன் செருப்போடு வந்தால், அடுத்து தலையணையோடு வருவான் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

அவர் வேலை செய்த காலமெல்லாம் கைமரத்தை ஒவ்வொன்றாகத்தான் அறுத்தார். ஒன்றை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அதன் வளைவு எந்தப் பக்கம் என்று கண்டு, அளந்து, கோடு போட்டு, அறுத்து, பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். இவனோ மாதிரிக்கு ஒரே ஒரு மரத்தை அறுப்பான். அதை வைத்து மொத்தக் கட்டின் மேலும் ஒரு கோடு இழுப்பான். அறுக்கிற மிஷினைச் சாய்த்துப் பிடித்து இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒரே ஓட்டம். ஆழம் எட்டாத மிச்சத்தை அந்தத் தடத்திலேயே அறுத்துத் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். வேலையை முடிக்கிற அவசரம் இல்லை அது, உட்காருகிற அவசரம்.

கட்டுகிற வீடு மட்டும் ஊரான் வீடாக இருந்திருந்தால் பெரியவர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இது மகள் வீடு. பின்பக்கம் ஒரு அறை அவருக்கென்றே விட்டிருந்தாள். அவர் குடியிருந்த வாடகை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போக வேறு இடமும் கிடையாது. ஆனாலும், "அவன் போடற கூரைக்கு அடியில நான் படுக்கமாட்டேன்" என்று போன வாரம் மகளிடம் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "கூரையப் பாத்துட்டு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

"வாங்க மாமா! குத்தம் கண்டுபிடிக்க ஆள் இல்லாம வேலையே ஓடல" என்றான் மருமகன்.

"குத்தத்துக்கு உங்க வேலைல பஞ்சமா மாப்பிள்ளை?"

மருமகனோடு வேலை செய்கிற நெட்டை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பெரியவருக்கு அவனையும் பிடிக்காது. வளர்ந்த அளவுக்குக் குனியத் தெரியாதவன்.

மாதிரி மரம் தனியாகச் சுவரில் சாய்ந்திருந்தது. பெரியவர் போய்ப் பார்த்தார். உச்சியில் இரண்டு பென்சில் கோடுகள். ஒன்று முகட்டின் நடுமையம். இன்னொன்று, கூரை உச்சியில் இருபக்கத்துக் கைமரங்களும் வந்து முட்டுகிற முகட்டுப் பலகையின் கனத்துக்காகக் கழித்தது. அவர் கோடுகளுக்கு நடுவே கட்டைவிரலை வைத்தார். பிறகு கீழே கிடந்த முகட்டுப் பலகையின் கனத்தில் அதே விரலை வைத்தார். இரண்டும் ஒன்று.

உள்ளே ஏதோ இனித்தது. பலகையின் கனத்தில் பாதியைத்தான் இந்தப் பக்கத்து மரத்தில் கழிக்க வேண்டும், மறுபாதி எதிர்ப்பக்கத்து மரத்தின் பங்கு. இந்த அறிவாளி முழுக் கனத்தையும் கழித்திருந்தான். எதிர்ப்பக்கத்துக்கும் இதே மாதிரிதான். ஏற்றிப் பார்த்தால் நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி நிற்கும். நீளமாய்ப் போனால் திரும்ப அறுக்கலாம். குட்டையாய்ப் போன மரத்தை இழுத்தா நீட்ட முடியும்? ஒருத்தன் ஒவ்வொன்றாக அறுத்திருந்தால் ஒரு மரத்தோடு போகும். இவன் ஒரே ஓட்டத்தில் மொத்தக் கட்டையும் விறகாக்கப் போகிறான்.

டீயோடு வந்த மகள் அவர் பக்கத்தில் நின்றாள். அவள் பார்வை அவர் விரலில் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்காப்பா?"

மிஷின் இன்னும் ஓடவில்லை. மருமகனும் தலையைத் திருப்பினான். ஒரு வார்த்தை போதும்.

"எனக்கென்னம்மா தெரியும்? கைவாளைப் பிடிச்சு அறுத்தவன். இதெல்லாம் மிஷின் சமாச்சாரம்" என்று சொல்லி டீயை வாங்கிக்கொண்டார்.

மிஷின் அலறியது. மரத்தூள் பறந்து டீயில் விழுந்தது. அவர் ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

மத்தியானம் முகட்டுப் பலகையை நிறுத்தி முதல் ஜோடியை ஏற்றினார்கள். ஒரு பக்கம் ஒட்டியது. மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அடுத்த ஜோடியிலும் அதே வெளிச்சம். நெட்டை ஏணியிலேயே நின்றுவிட்டான். பெரியவர் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, அந்த நாளுக்காகவே இத்தனை காலம் உயிரோடு இருந்தவர் போல அண்ணாந்து பார்த்தார்.

மருமகன் வெளிச்சத்தில் விரலை விட்டுப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். அப்புறம் அந்த வெட்கங்கெட்டவன் சிரித்தான்.

"டேய் நெட்டை, முழுசா கழிச்சுட்டேன்டா. எல்லாத்துலயும் ஒரே தப்பு, மயிரிழை மாறல. இன்னொரு முகட்டுப் பலகை கொண்டா."

"எதுக்குண்ணே?"

"ரெண்டையும் சேத்து ஆணி அடிப்போம். ஓட்டை அளவும் பலகை அளவும் ஒண்ணுதான?"

ஒன்றுதான். பெரியவருக்கு அது அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் கட்டைவிரல் காலையிலேயே சொன்ன கணக்குதான் அது. இரண்டாம் பலகை ஏறியது. ஒவ்வொரு ஜோடியும் உறைக்குள் கத்தி போல உட்கார்ந்தது. அவர் அறுத்த காலத்தில் ஒரு மரம் நூலளவு கூடும், ஒன்று நூலளவு குறையும், ஆப்பு வைத்துச் சமாளிப்பார். ஆப்பு இல்லாமல் ஒரு கூரையும் போட்டதில்லை. அது ஞாபகம் வந்தது அவருக்கு எரிச்சலாக இருந்தது. சோம்பேறி, தப்பைக்கூட மொத்தமாகச் செய்து மொத்தமாகத் தீர்த்துக்கொள்கிறான். ஒரு பாவமும் படாமல் பிழைத்துப்போகிற ஜென்மம்.

அவர் பின்னறைக்குள் போனார். கூரை இன்னும் மூடவில்லை, கைமரங்களுக்கு நடுவே வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. மகள் தரையில் குந்தியிருந்து, கோடு போடுகிற சாக்கட்டியால் ஒரு கட்டிலின் அளவை வரைந்துகொண்டிருந்தாள்.

"இங்க போடவாப்பா? இல்ல ஜன்னல் பக்கமா?"

அவர் கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போய் நின்றார்.

"நீங்க விரல வச்சுப் பாத்தத நான் பாத்தேன்" என்றாள், தலை நிமிராமல். "அவர்கிட்ட சொல்லல. சொன்னாலும் சிரிப்பாரு."

அதுதான் பிரச்சினை. சிரிப்பான். திட்டினால் திருப்பித் திட்டலாம், சிரிக்கிறவனை என்ன செய்வது? பெரியவர் அண்ணாந்தார். சாக்கட்டிக் கட்டிலுக்கு நேர் மேலே இரண்டு பலகைகளும் சேர்ந்த இடம் கறுப்புக் கோடாக ஓடியது. ஒரு கண்ணை மூடி அதில் கோணல் தேடினார். மறு கண்ணால் தேடினார்.

முகட்டின் மேல் மருமகன் இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, சுதியில்லாமல் பாடியபடி ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஒரு கால் செருப்பு நழுவி வந்து கட்டிலின் தலைமாட்டில், கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

"மாமா, அந்தச் செருப்ப கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

மகள் எழுந்தாள், ஆனால் செருப்பை எடுக்க வரவில்லை. சாக்கட்டியை விரலுக்கிடையில் உருட்டியபடி சுவரோரம் நின்றாள். மேலே இருந்து ஒரு கை கைமரங்களுக்கு நடுவே கீழே நீண்டு, அப்படியே நின்றது. செருப்பின் மேல் மரத்தூள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.